தெரிந்தவர் இல்லாதவருக்கு ஒரு கட்டில்

சிவகிரியில் ஒருவருக்கு நடுச்சாமத்தில் மூச்சு முட்டினால், வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று வீட்டார் யோசித்துத்தான் ஆக வேண்டும். வடக்கே போனால் 20 கிலோமீட்டர் சுமாரில் ராஜபாளையம். தெற்கே அதே மதுரை - கொல்லம் நெடுஞ்சாலையில் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் தாண்டி 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் தென்காசி. கிழக்கே இறங்கினால் சங்கரன்கோவில். அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்தப் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. ‘ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி’ என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் புரியும். மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் இருந்தாலும், அந்த வழியாக நோயாளியைக் கொண்டுபோக ரோடு கிடையாது.

ஊர்க்காரர்களின் கால் தானாகப் போவது ராஜபாளையத்துக்குத்தான். மில் வேலைக்கு அங்கே, ஜவுளி எடுக்க அங்கே, ஸ்கேன் பார்க்கவும் அங்கே. ஆனால் ராஜபாளையம் விருதுநகர் மாவட்டம். சிவகிரியின் அரசாங்கக் கோப்புகள் போவது தென்காசிக்கு. சாதாரண நாட்களில் இதனால் பெரிய தொல்லை இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவருக்கு மாவட்டம் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்றுகூடத் தெரியாது. கொள்ளைநோய் வந்தபோதுதான் அந்தக் கோடு ரோட்டின் குறுக்கே எழுந்து நின்றது.

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்று. தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது 2020 மார்ச் 7. அதே மாதம் 25ஆம் தேதி மாநிலத்தின் முதல் கொரோனா மரணம் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். தென்காசி அப்போது பிறந்து நான்கு மாதமே ஆன மாவட்டம். எந்த அலுவலகம் எந்தக் கட்டடத்தில் என்பதையே ஜனங்கள் பழகிக்கொண்டிருந்த நேரம். ஏப்ரலில் புளியங்குடியில் தொற்று கூடி, தெருக்கள் அடைக்கப்பட்டு, எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பேர்போன அந்த ஊர் செய்திகளில் வேறு காரணத்துக்காக அடிபட்டது.

2020 ஜூன் 1 முதல் மாநிலத்தை எட்டு மண்டலங்களாகப் பிரித்தார்கள். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஒரு மண்டலம். மதுரை, விருதுநகர், தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் இன்னொரு மண்டலம். மண்டலத்துக்குள் போய்வர இ-பாஸ் வேண்டாம், மண்டலம் தாண்டினால் வேண்டும். ஆகவே சிவகிரிக்காரர் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நாகர்கோவிலுக்குக் கேட்பாரில்லாமல் போகலாம். பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். மருத்துவ அவசரத்துக்கு பாஸ் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மூச்சிரைக்கிற அப்பாவைப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு போனில் விண்ணப்பம் நிரப்புகிற மகனுக்கு, அந்தப் பத்து நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. பக்கத்து ஊர்க் காயக்காரர் அந்தப் பக்கம் வர மட்டும் சீட்டு வேண்டியிருந்தது.

அந்தக் கோடுகளைப் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோய் பரவாமல் தடுக்க எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கலெக்டருக்கு அதிகாரம் உள்ள எல்லை எதுவோ அங்கேதான் கோடு விழும். சங்கடம் என்னவென்றால், நோயைத் தடுக்கிற கோடும் நோயாளியை அனுப்புகிற கோடும் ஒன்றாக இருக்க முடியாது. முதல் கோடு மூடுவதற்கு, இரண்டாவது திறப்பதற்கு. சுகாதாரத் துறைக்கு இது புதிதான சேதியும் இல்லை. பழைய திருநெல்வேலி மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்திலேயே சங்கரன்கோவில் தனிச் சுகாதார மாவட்டமாக இருந்தது. விருதுநகருக்குள் சிவகாசியும் அப்படித்தான். வருவாய்த் துறையின் வரைபடம் உடம்புக்குப் பொருந்தாது என்று தெரிந்தவர்கள் முன்பே ஒரு தனி வரைபடம் வைத்திருந்தார்கள்.

ஆனால் மாவட்ட எல்லையைவிட ஆழமான கோடுகள் ஆஸ்பத்திரிகளுக்கு இடையிலேயே இருக்கின்றன. வெளியே இருப்பவர் கண்ணுக்கு அவை படுவதில்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின் கீழ் வருகிறது. சிவகிரி, சங்கரன்கோவில், தென்காசி அரசு மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். ஹைகிரவுண்டு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். கொள்ளைநோய்க் காலத்தில் முதலாவதற்கு மாவட்டத்தில் துணை இயக்குநர், இரண்டாவதற்கு இணை இயக்குநர், மூன்றாவதற்கு டீன். எல்லாம் ஒரே அரசாங்கம்தான், ஒரே அமைச்சர்தான். ஆனாலும் சளியும் காய்ச்சலுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, ஆக்சிஜன் சாச்சுரேஷன் இறங்கி சிவகிரிக்குப் போய், அங்கிருந்து திருநெல்வேலிக்கு ‘எழுதிக் கொடுத்து’ அனுப்பப்படுகிற ஒருவர், ஒரே இரவில் மூன்று இயக்ககங்களைத் தாண்டுகிறார். தனியார் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கொண்டால் நான்கு உலகங்கள். ஒவ்வொன்றிலும் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், தூங்காத நர்ஸுகள் இருக்கிறார்கள். ஒன்றை விட்டு இன்னொன்றைத் தொடுகிற வரைக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரத்துக்கு மட்டும் யாரும் இல்லை.

அந்த நேரம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிலிண்டர் கணக்கால் சொல்லிவிடலாம். கையில் தூக்கி வண்டியில் ஏற்றக்கூடிய பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தால் 150 நிமிஷம் தாங்கும். நோயாளி மோசமாகி 15 லிட்டருக்கு ஏற்ற வேண்டி வந்தால் 100 நிமிஷம். சிவகிரியிலிருந்து திருநெல்வேலிக்கு 80 கிலோமீட்டர் அளவில் தூரம், இரண்டு மணி நேர ஓட்டம். 10 லிட்டரில் புறப்பட்டவர் ஹைகிரவுண்டு வாசலுக்கு வரும்போது அரை மணிக்குத்தான் காற்று மிச்சம் இருக்கும். 15 லிட்டர் தேவைப்படுகிறவருக்கு அந்த ஒரு சிலிண்டர் வழியிலேயே தீர்ந்துவிடும். வாசலில் ஆம்புலன்ஸுகள் வரிசையாக நின்றால், இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று 108 வண்டியின் பைலட்டுக்கும் கூட வருகிற மருத்துவ உதவியாளருக்கும் நன்றாகவே தெரியும். சைரன் போட்டால் ரோடு வழிவிடும். உள்ளே கட்டில் காலியாக வேண்டுமே.

பெரிய ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் இதே கணக்குதான், அளவு மட்டும் வேறு. மூக்கு வழியாக வேகமாகக் காற்று செலுத்துகிற ஹை-ஃப்ளோ கருவி நிமிஷத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். 7,000 லிட்டர் கொண்ட ஜம்போ சிலிண்டர் அதற்கு இரண்டு மணி நேரம்கூட வராது. ஒரே வார்டில் இத்தகைய கருவிகள் பல ஓடும்போது குழாயின் கடைசியில் படுத்திருப்பவருக்கு அழுத்தம் குறையும். 2021 மே மாதம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையம், ராக்கெட் எஞ்சினுக்காகத் தயாரித்துவந்த திரவ ஆக்சிஜனை ஆஸ்பத்திரிகளுக்குத் தந்தது. தூத்துக்குடியில் மூடிக்கிடந்த ஸ்டெர்லைட் ஆலையை ஆக்சிஜனுக்காக மட்டும் இயக்க உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 27 அன்று அனுமதித்தது. மே 14 அன்று துர்காபூரிலிருந்து ஆக்சிஜன் ரயில் சென்னை தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. காற்றுக்காக ரயிலும் ராக்கெட் நிலையமும் உச்ச நீதிமன்றமும் ஒரு மாதத்துக்குள் அசைந்தன. காற்றைக் கொண்டுவர இத்தனை பேர் கைகோத்தபோது, அந்தக் காற்று இருக்கிற கட்டிலுக்கு நோயாளியைக் கொண்டுசேர்க்க அதே அளவுக்குக் கைகள் கோத்தனவா?

அந்த மே மாதம் நினைவிருக்கிறவர்களுக்கு ஒரு கேள்வியும் நினைவிருக்கும். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும், உறவுக்காரர் போன்களிலும், முன்பின் அறியாதவர் குரலிலும் வந்தது அந்த ஒரே கேள்விதான்: “ஹைகிரவுண்டுல யாரையாச்சும் தெரியுமா அண்ணாச்சி?” மதுரையிலும் அதே, சென்னையிலும் அதே. கட்டில் இருக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு. ஆளைத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். கட்டில் எங்கோ இருக்கத்தான் செய்யும், ஆள் தெரிந்தால் கிடைக்கும் என்பது நம் ஜனங்களின் அனுபவம்.

அந்த அனுபவம் நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. 2020 மார்ச் கடைசியில் நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில், வெளிநாடுகளிலிருந்து வந்து உழைக்கிற ஏழை ஜனங்கள் நம்பியிருந்த எல்ம்ஹர்ஸ்ட் பொது மருத்துவமனையில் ஒரே நாளில் 13 பேர் இறந்தார்கள். வாசலில் வரிசை தெருவைச் சுற்றி நின்றது. அதே நேரத்தில் அந்த மாநகரத்தின் மற்ற மருத்துவமனைகளில் சுமார் 3,500 கட்டில்கள் காலியாக இருந்தன என்றும், அவற்றில் சில இருபது நிமிஷத் தூரத்தில்தான் என்றும் பின்னால் வெளிவந்தது. 1,000 கட்டிலோடு கடற்படையின் மருத்துவக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்து நின்றது. முதல் சில நாட்கள் அதில் இருந்த நோயாளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். உலகத்திலேயே பணம் கொழிக்கிற ஊர் அது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நோயாளியை மாற்ற அங்கே வண்டிக்குப் பஞ்சமா, டாக்டருக்குப் பஞ்சமா? ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் சுவருக்குள் இருப்பவரை மட்டும் தன் நோயாளியாக நினைத்தது. அதனால்தான் ஒரு கூரைக்குக் கீழே ஜனம் செத்துக்கொண்டிருந்தபோது அடுத்த கூரைக்குக் கீழே கட்டில் விரித்தபடி கிடந்தது.

எங்கள் பக்கத்துக் குளங்களைப் பார்த்தால் இதற்கு விடை தெரியும். மலையிலிருந்து இறங்குகிற ஓடை முதல் குளத்தை நிரப்பும். அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்குப் போகும், அங்கிருந்து அதற்கும் கீழே. மேல்குளத்துக்காரர் “இது எங்க ஊர்த் தண்ணி” என்று மறுகாலை மண் போட்டு அடைத்தால் கீழ்க்குளம் காய்வது மட்டும் இல்லை, அடைமழையில் மேல்குளத்தின் கரையே உடையும். எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது என்று பார்க்க நீர்பாய்ச்சி என்று ஒரு ஆள் இருந்தார். அவருக்கு எந்த வயலும் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. எல்லா வயலும் அவர் கண்ணில் இருக்க வேண்டும், அவர் சொன்னால் மண்வெட்டி அசைய வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிகளுக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும்.

சில இடங்களில் அந்த ஆளை உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் கொரோனா முதலில் தலைகாட்டிய வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரத்து ஹார்பர்வியூ மருத்துவமனையில் 2020 மார்ச்சிலேயே ஒரு ஒருங்கிணைப்பு மையம் தொடங்கினார்கள். மாநிலத்தின் எந்த மூலையில் இருக்கிற சிறிய ஆஸ்பத்திரியும் கூப்பிட ஒரே ஒரு போன் எண். அந்த முனையில் இருப்பவர் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார். பெரிய ஆஸ்பத்திரிகள் முறை வைத்து ஏற்றுக்கொள்ள முன்கூட்டியே சம்மதித்திருந்தன. தன் 16 மாநிலங்களையும் ஐந்து கூட்டங்களாகச் சேர்த்த ஜெர்மனி, தீவிர சிகிச்சைக் கட்டில் எத்தனை காலி என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தினமும் பதிய வேண்டும் என்று சட்டமாக்கியது. பிரான்ஸில் அதிவேக ரயில் பெட்டிகளையே வார்டாக்கி, நோய் மிகுந்த கிழக்கிலிருந்து இடம் இருந்த மேற்குக்கு நோயாளிகளைக் கொண்டுபோனார்கள்.

நமக்கு மும்பையே போதுமான பாடம். அங்கே மாநகராட்சி 24 வார்டுகளுக்கும் 24 கட்டுப்பாட்டு அறைகள் வைத்தது. பரிசோதனை முடிவு நேராக நோயாளியின் போனுக்குப் போகாமல் முதலில் அந்த அறைக்கு வரும். அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டு, மூச்சு எப்படி இருக்கிறது, வீட்டில் தனி அறை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு, கட்டில் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார். பயந்துபோன வசதிக்காரர் முதலில் ஓடிப்போய்க் கட்டிலைப் பிடித்துக்கொள்வதும், மோசமான நிலையில் இருக்கிற குடிசைக்காரர் கடைசியில் வருவதும் அதனால் குறைந்தது. மாநகரம் முழுக்க ஒரே அறை வைக்காமல் வார்டுக்கு ஒன்று வைத்ததில்தான் அதன் அறிவு இருக்கிறது. தாராவியின் சந்து தாராவிக்காரருக்குத்தானே தெரியும்.

தமிழ்நாட்டிலும் 2021 மே மாதம் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் இயங்கியது. மருத்துவர் தாரேஸ் அகமது ஐஏஎஸ் அதை வழிநடத்தினார். 104 உதவி எண்ணும், ‘பெட்ஸ் ஃபார் டிஎன்’ என்ற ஹேஷ்டேக்கும் அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளுக்குக் கடைசிப் பிடியாக இருந்தன. பதவியேற்றுச் சில நாட்களே ஆன முதலமைச்சர் ஓர் இரவில் அங்கே போய், வந்த அழைப்பைத் தானே எடுத்து, கட்டில் கேட்ட பெண்ணோடு பேசினார். சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நீண்டபோது, வந்தவரை வண்டியிலேயே காக்க வைக்காமல் உடனே இறக்கி ஆக்சிஜன் கொடுக்க ஜீரோ டிலே வார்டு அமைத்தார்கள். இவை பெரிய காரியங்கள். இவற்றில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த இளம் டாக்டர்களையும் தன்னார்வலர்களையும் நாம் இன்னும் சரியாக நினைவுகூரவில்லை என்பது என் ஆதங்கம்.

ஆனாலும் தேனாம்பேட்டையில் இருப்பவருக்குச் சிவகிரி ஒரு பெயர். புளியங்குடிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் இரவில் எந்த ரோடு நல்ல ரோடு, எந்த ஆஸ்பத்திரியில் சிலிண்டர் இருந்தும் அதை மாற்ற ஆள் இல்லை, எந்த மருத்துவமனை இணையத்தில் ஐந்து காலி என்று காட்டினாலும் உண்மையில் ஒன்றுகூட இல்லை என்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். காலி எண்ணிக்கை காட்டுகிற இணையதளம் ஆறு மணி நேரத்துக்கு முந்தைய உண்மையைத்தான் சொல்லும். ஆறு மணி நேரத்தில் இரண்டு சிலிண்டர் தீர்ந்துவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியின் பக்கமும் பேச வேண்டும். எல்லாரும் கடைசி நேரத்தில் மோசமானவரை அங்கேதான் தள்ளிவிடுகிறார்கள். இறப்புக் கணக்கு அவர்கள் தலையில் ஏறுகிறது. சிறிய ஆஸ்பத்திரி சமாளிக்கக்கூடிய நோயாளியையும் பயந்து அனுப்பிவிடுகிறது. ஒன்றிய அரசு 2020 ஏப்ரலில் வகுத்த மூன்றடுக்கு முறையில் லேசானவருக்குக் கவனிப்பு மையம், நடுத்தரமானவருக்குச் சுகாதார மையம், மோசமானவருக்கு மருத்துவமனை என்று ஏணி இருந்தது. ஏணியில் ஏற வழி எழுதியிருந்தார்கள். தேறியவர் இறங்கி வருகிற வழியில் யாரும் அக்கறை காட்டவில்லை. ஆக்சிஜன் 2 லிட்டர் போதும் என்கிற நிலைக்கு வந்தவரைச் சிவகிரிக்குத் திருப்பி அனுப்பினால் ஹைகிரவுண்டில் ஒரு கட்டில் உடனே காலியாகும். வீட்டாருக்கும் பக்கம். அதற்கு இங்கே ஏற்கிற ஆள் வேண்டும், அங்கே நம்பி அனுப்புகிற மனம் வேண்டும். சிறிய ஆஸ்பத்திரியின் நர்ஸ் போன் செய்தால் பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் எடுத்துப் பேசுகிற அளவுக்கு மரியாதை இருந்தால்தான் இது நடக்கும். அந்த மரியாதையைக் கொள்ளைநோய்க் காலத்தில் புதிதாக உண்டாக்க முடியாது.

மருந்துகள் விஷயத்தில் இந்த மாநிலம் இப்படி ஒரு ஒருங்கிணைப்பைச் செய்து காட்டியிருக்கிறது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மாவட்டங்களில் கிடங்கு வைத்து, ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். எந்த மாத்திரை எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது கணக்கில் இருக்கும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன முறை அது. ஒரு பாராசிட்டமால் அட்டை கிடங்கிலிருந்து சிவகிரிக்குப் போனால் இரண்டு இடத்திலும் கையெழுத்து உண்டு. சிவகிரியிலிருந்து ஒரு மனிதரை அனுப்பினால் அனுப்பியதற்குச் சீட்டு உண்டு. அவர் போய்ச் சேர்ந்தாரா என்று அனுப்பியவருக்குச் சொல்ல யாருக்கும் கடமை இல்லை.

இத்தனையும் யோசித்துக்கொண்டு வரும்போது, ‘தெரிந்தவர்’ என்று ஒருவர் அந்த நாட்களில் என்னதான் செய்தார் என்று ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கட்டில் எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொன்னார். நோயாளி போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கிருந்த டாக்டரிடம், “சுகர் உண்டு, சாச்சுரேஷன் 82, வந்துக்கிட்டு இருக்காங்க” என்று சேதி சொல்லி வைத்தார். வண்டி வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு ஆளை அனுப்பினார். மறுநாள் காலையில் போன் போட்டு எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சியாட்டில் மையம் செய்ததும் மும்பை வார்டு அறை செய்ததும் இதே காரியங்கள்தான். ஒருவர் தன் மைத்துனருக்குச் செய்ததை அவர்கள் முகம் தெரியாதவருக்குச் செய்தார்கள்.

மருத்துவமனைகளை ஒருங்கிணைப்பது என்றால் கணினியும் வரைபடமும் பெரிய அறையும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவையெல்லாம் கருவிகள். அதன் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: ஊரில் யாரையும் தெரியாத ஒருவருக்கும் ஒரு தெரிந்தவர் இருக்க வேண்டும், அந்தத் தெரிந்தவராக அரசாங்கம் இருக்க வேண்டும். ஓர் ஆஸ்பத்திரி “இங்கே இடம் இல்லை” என்று சொல்லலாம், சொல்ல வேண்டிய நேரமும் வரும். “ஏற்றுக்கொண்டோம்” என்று இன்னொரு வாய் சொல்கிற வரைக்கும் அவர் முதல் ஆஸ்பத்திரியின் நோயாளிதான். அந்த 80 கிலோமீட்டரிலும் அவர் யாரோ ஒருவருடைய பொறுப்பில் இருக்க வேண்டும். பெயர் சொல்லி, இவர் பொறுப்பில் என்று காட்டும்படி இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. எல்லாருக்கும் ஒரு தெரிந்தவர் என்றால், என் தெரிந்தவருக்கு இருந்த மதிப்பு போய்விடும். என் சித்தப்பாவும் மூச்சின் அளவைப் பார்த்துத்தான் வரிசையில் நிற்பார். அவரைவிட மோசமாக இருக்கிற, எங்கிருந்தோ கரும்பு வெட்ட வந்த கூலிக்காரருக்கு முதலில் கட்டில் போகும். எம்எல்ஏவின் சீட்டும் பெரிய டாக்டரின் போனும் செல்லாது. அதற்கு நாம் சம்மதிக்கிறோமா என்பதுதான் உண்மையான கேள்வி. மற்ற இடைஞ்சல்களைப் பணத்தாலும் உத்தரவாலும் சரிசெய்துவிடலாம். இந்தச் சம்மதத்தை நாம்தான் கொடுக்க வேண்டும், கட்டில் தேவைப்படாத நாட்களிலேயே கொடுத்துவைக்க வேண்டும். மூச்சு முட்டுகிற இரவில் எந்த மகனிடமும் நியாயம் பேச முடியாது.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர் அந்தப் பட்டியலில் இருந்தது, தென்காசி இல்லை. சிவகிரியிலிருந்து பார்த்தால் விருதுநகரும் திருநெல்வேலியும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். இரண்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு நடுவில், இரண்டு மாவட்டங்களின் விளிம்பில் இருக்கிறது ஊர். கோட்டைத் தாண்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இதைவிட வசதியான இடம் இல்லை. எழுதிக் கொடுக்காவிட்டால் இரண்டுக்கும் கடைசி ஊர்.

எனவே தென்காசி, விருதுநகர் மாவட்ட நிர்வாகங்களிடம் கேட்பது இதுதான். கொள்ளைநோய் இல்லாத இந்த நாட்களில் ஒருமுறை ஒரே மேசையில் உட்காருங்கள். இரண்டு இணை இயக்குநர்களும் இரண்டு டீன்களும் ராஜபாளையத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்காரர்களும் 108 பொறுப்பாளரும் வரட்டும். சிவகிரியிலும் வாசுதேவநல்லூரிலும் இரவு டியூட்டி பார்க்கிற நர்ஸுகளையும் மறக்காமல் கூப்பிடுங்கள், அவர்களுக்குத்தான் நடப்பது தெரியும். எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், யார் எடுப்பார், எந்த நிலையில் இருக்கிறவர் எங்கே போக வேண்டும், தேறியவர் எப்படித் திரும்ப வேண்டும், போய்ச் சேர்ந்த சேதியை யார் சொல்ல வேண்டும் என்று ஒரே தாளில் எழுதுங்கள். வருஷத்துக்கு ஒரு இரவு அதை ஒத்திகை பாருங்கள். நெஞ்சுவலிக்கும் பாம்புக்கடிக்கும் விபத்துக்கும் நாளைக்கே அந்தத் தாள் உதவும். கொள்ளைநோய்க்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வாசுதேவநல்லூர் தொகுதி ஜனங்களே, அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடும் சாக்கடையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்றால், எங்களுக்காக அடுத்த ஆஸ்பத்திரியைக் கூப்பிடப்போவது யார்? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.